இரு சக்கரமும் ஒரு தலையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மோட்டார் சைக்கிளை விரும்பாத இளைஞனும் உண்டோ? வண்டி இல்லாதவனும் வண்டியைப் பற்றியே பேசுகிறான். வகுப்பில் நியூட்டனின் இரண்டாம் விதியைக் கேட்டால் தலை குனிகிறவன், இன்ன வண்டிக்கு எத்தனை சி.சி., எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். இதில் குறை காண ஒன்றுமில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து என்று காத்துக் கிடக்கும் கிராமத்து மாணவனுக்கு ஒரு வண்டி கிடைப்பது பெரிய விடுதலை என்பதை நான் அறிவேன்.

ஆனால் வண்டியை விரும்புவது வேறு; வண்டியை அறிவது வேறு. முப்பது நாற்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளோடு வாழ்ந்து வரும் மூத்த பிரியர்களைக் கவனித்தால் இந்த வேறுபாடு புலப்படும். அவர்களுடைய மிடுக்கையும் வண்டியின் ஓசையையும் நாம் எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய ஒழுங்கை விட்டுவிட்டோம். இதுவே என் குற்றச்சாட்டு.

பழைய வண்டி ஓர் ஆசிரியர்

1955ஆம் ஆண்டு சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டு அந்தத் தொழிலே நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் புல்லட் பிறந்துகொண்டேயிருந்தது. மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி வண்டிகளின் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை ஜாவா தினமாகக் கொண்டாடி, அந்தப் பழைய வண்டிகளைத் துடைத்து ஓட்டிவரும் அன்பர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1985இல் வந்து 1996இல் நின்ற யமஹா ஆர்.எக்ஸ். 100க்கு இன்று இருக்கும் மவுசைச் சொல்லவே வேண்டாம்.

இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பொறியியல் படித்தவர்களா? இல்லை. பின் எப்படி எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்திருக்கிறார்கள்? அந்த வண்டிகளே அவர்களுக்குப் பாடம் நடத்தின!

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வதையே எடுத்துக்கொள்வோம். முதலில் கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் காண்டாக்ட் பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்று பொருள். பிறகு டீகம்ப்ரஸர் நெம்புகோலை இழுத்துப் பிடித்து, அடைபட்ட காற்றை வெளியேற்றி, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்த வேண்டும். அதன்பின் நெம்புகோலை விட்டு, முழு மூச்சாக ஓர் உதை! இந்த முறையை மீறி அவசரத்தில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் சுழற்சியை நாம் கரும்பலகையில் படிக்கிறோம். அவர்கள் அதைப் பாதத்தால் படித்தார்கள்.

ஜாவாக்காரர் பெட்ரோலில் எண்ணெயைத் தாமே அளந்து கலந்தார். அளவு குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கரி பிடிக்கும். வழியில் வண்டி நின்றால் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொன்னார். இவ்வாறு வேகத்தைப் பெறுவதற்கு முன்பே வண்டியின் குணத்தை அறிய வேண்டியிருந்தது. அறிவு முன்னால் வந்தது. வேகம் பின்னால் வந்தது.

புதிய வண்டி பாடம் நடத்துவதில்லை

இன்றைய வண்டி அப்படியன்று. பொத்தானை அழுத்தினால் போதும். 2019 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பழைய கார்புரேட்டருக்கு விடை கொடுத்துவிட்டு, எரிபொருளை மின்னணுக் கருவியே அளந்து செலுத்துகிறது. இவையெல்லாம் நல்ல முன்னேற்றங்களே. 'அந்தக் காலம்போல் வருமா?' என்று பெருமூச்சு விடுபவர்களின் கட்சியில் நான் இல்லை. மழையில் நனைந்துகொண்டு பத்து முறை உதைப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வண்டி நம்மிடம் எதையும் கேட்காததால் நாமும் எதையும் கற்பதில்லை. வாங்கிய முதல் நாளே நூறு கிலோமீட்டர் வேகம் கைப்பிடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைத் தாங்கும் அறிவு எங்கிருந்து வரும்?

ஓர் எடுத்துக்காட்டு. 'முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்' என்று நம் ஊர்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நெடுநாள் ஓட்டியவரைக் கேளுங்கள். நேர்ச்சாலையில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே என்பார். வேகம் குறையும்போது வண்டியின் எடை முன் சக்கரத்தின்மேல் சாய்கிறது. எடை கூடும் இடத்தில் உராய்வு கூடும். பின் சக்கரமோ எடை குறைந்து வழுக்கும். எனவே இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவிலும் மணலிலும் இன்னும் மென்மை வேண்டும். இது முதலாண்டு இயற்பியல். தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிய நாமே சாலையில் பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வழுக்கிப் போகிறோம்!

மற்றோர் எடுத்துக்காட்டு ஓசை. ஆர்.எக்ஸ். 100ஐக் கண்டதும் சைலன்சரின் உள்குழலைக் கழற்றியெறிவது ஒரு வீரமாகிவிட்டது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் புகைக்குழலின் வடிவமும் ஓர் உறுப்பு. அதிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலையே, எரியாத கலவை வெளியே ஓடிவிடாமல் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதைக் கெடுத்தவன் ஓசையைப் பெருக்கினான், திறனைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு தலையின் கணக்கு

மூத்த பிரியர்களிடம் நான் கண்ட இன்னொரு பழக்கம் அவர்கள் செலவழிக்கும் வரிசை. முதலில் தலைக்கவசம், அடுத்து டயர், அடுத்து பிரேக், அதன்பின் கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும். அலங்காரம் கடைசியில். நம்முடைய வரிசை நேர்மாறானது. ஸ்டிக்கருக்கும் வண்ண விளக்குக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, தலைக்கவசத்தைச் சாலையோரத்தில் பேரம் பேசி வாங்குகிறோம். அதையும் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறோம். போலீஸ்காரரைக் கண்டால் மட்டும் அது தலைக்கு ஏறுகிறது.

வண்டியை அறிந்தவனுக்குத் தலைக்கவசம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.ஈ. லாரன்ஸ், புரோ சுப்பீரியர் என்னும் உயர்ந்த வண்டியை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தவர். வண்டியை அறிந்தவர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். 1935 மே மாதம் சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாமலிருக்கத் திருப்பி, கீழே விழுந்தார். தலையில் கவசமில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர் அந்தச் சாவை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு அது கட்டாயமாவதற்கு 1973 வரை ஆயிற்று. ஒரு மாவீரனின் தலையைக் கொடுத்து உலகம் பெற்ற பாடம் இது.

'பக்கத்து ஊருக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறேன்' என்பது நம்மவர் சொல்லும் சாக்கு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்ற வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்தாலும், அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது ஏறத்தாழ மணிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தை அடைந்துவிடும். வெறுந்தலை தார்ச்சாலையில் 5 மில்லிமீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுகிறது என்று கொண்டால், அது தாங்கும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 300 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளே தெர்மோகோல் போன்ற நுரைப் பொருள் இருக்கிறது. அது 30 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் அதே வீழ்ச்சி 50 மடங்காகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு! உயிரைக் காப்பது வெளியே பளபளக்கும் ஓடு மட்டுமன்று. உள்ளே நசுங்கும் அந்த நுரையும்தான். ஆகையால்தான் பஞ்சு மட்டும் வைத்த அரைக்கிண்ணத் தொப்பி பயன்படாது. தாடைப் பட்டையைக் கட்டாத கவசமும் பயன்படாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிவதும் கூடாது.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். அந்த ஆண்டில் மிகுதியான விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு.

'நாற்பது வருஷமாக வெறுந்தலையோடு ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்களிடம் பணிவோடு ஒன்று சொல்வேன். ஏதாவது ஆனவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நம்மோடு பேசுவதில்லை, ஐயா!

ஏழைக்கு எட்டுமா?

கவச உடுப்பெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். அதில் பாதி உண்மை. தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் தடுப்பு வைத்த மேலுடுப்பும் நல்ல பூட்ஸும் நம் கைக்கு எட்டாதவைதாம். ஆனால் அந்த வரிசையின் முதற்பொருள் எட்டும். தலைக்கவசம் அணியாததற்குத் தமிழ்நாட்டில் 2022 முதல் அபராதம் 1,000 ரூபாய். ஏறக்குறைய அதே தொகைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற நல்ல கவசம் கிடைக்கிறது. முழுக்கைச் சட்டைக்கும் செருப்புக்குப் பதிலாக ஷூவுக்கும் தனிச் செலவில்லை. டயரில் காற்றுப் பார்ப்பதற்கும் செயின் தொய்வைச் சரிபார்ப்பதற்கும் ஐந்து நிமிடம் போதும்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. வண்டியோடு வந்த சாரி கார்டையும் பக்கக் கண்ணாடியையும் அழகு கெடுகிறதென்று கழற்றாமலிருப்பதே அது. பின் சக்கரத்தில் பாதியேனும் மறைத்துத் துணி சிக்காமல் காக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ அந்த வண்டியில் பக்கவாட்டில் அமர்ந்து வரப்போவது நம் அம்மா அன்றோ! அவள் முந்தானையைச் சக்கரம் இழுத்தால் எந்த அழகு நமக்குத் துணை வரும்?

நம் கல்லூரியில் தொடங்குவோம்

அறிவுரை சொல்லிவிட்டு ஓய்வது எளிது. செய்யக்கூடியவை மூன்று சொல்கிறேன். முதலாவது, தலைக்கவசத்தை வைக்க இடமில்லை, வைத்தால் களவு போகிறது என்பது மாணவர் கூறும் நியாயமான குறை. வாகன நிறுத்தத்தில் ஒரு தட்டும் டோக்கனும் வைத்தால் அது தீரும். இரண்டாவது, நம் நகரத்துப் பட்டறைகளில் அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரை ஆண்டுக்கொரு நாள் இயற்பியல் துறைக்கு அழைத்து, ஓர் எஞ்சினைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். 'படிக்காவிட்டால் மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவாய்' என்று பயமுறுத்தப்பட்டு வளர்ந்த நாம், அந்த ஷெட்டில் இருக்கும் அறிவை ஆசிரியர் இருக்கையில் அமர்த்துவது நமக்கே பெருமை. மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், பின்னால் அமர்பவருக்கும் கவசம் வேண்டும் என்பதை ஊர் ஊராகச் சொல்லலாம்.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் ஒருவரைப் படிக்க வைக்க எத்தனை கைகள் களை பறித்தன, எத்தனை நகை அடகுக் கடைக்குப் போயிற்று என்பது அவரவருக்குத் தெரியும். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் சேர்த்த நம்பிக்கை முழுவதும் இன்று ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறது. அந்தத் தலையைத்தான் நாம் காற்றில் முடி பறக்கத் திறந்துகொண்டு போகிறோம்.

வண்டியை விரும்புவோம், தாராளமாக விரும்புவோம். அறுபது வயதிலும் ஒரு பழைய வண்டியைத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் போகும் மூத்த பிரியர்களாக நாமும் ஆவோம். அதற்கு முதல் நிபந்தனை ஒன்றே. அறுபது வயது வரை நாம் இருக்க வேண்டும்!