பட்டனுக்குள் அடங்காத தமிழ்

ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்பது ஆறே எழுத்து. தமிழில் அது 'சமர்ப்பிக்கவும்'. ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்த வெப்சைட் விண்ணப்பம் தமிழுக்கு மாறியதும் பட்டனுக்கு வெளியே 'கவும்' தொங்குகிறது. பக்கத்துப் பட்டன் மேல் ஏறி நிற்கிறது. பழி வழக்கம்போல எழுத்துருவின் மீதோ மொழியின் மீதோ விழும். உண்மையான குற்றவாளி, பக்கத்தை அடுக்கிய விதம்.

எதை எங்கே வைப்பது என்பது வெப்பில் ஆரம்பத்திலிருந்தே தலைவலிதான். மதிப்பெண் பட்டியல், விலைப்பட்டியல் போன்றவற்றுக்காக வந்த டேபிளை, டிசைனர்கள் முழுப் பக்கத்துக்கும் சாரமாகக் கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்கினார்கள். இந்த வித்தையைத் தன் புத்தகத்தால் பரப்பிய அமெரிக்க டிசைனர் டேவிட் சீகல், வெப்பைக் கெடுத்தது தானே என்று 1997ல் கட்டுரை எழுதி ஒப்புக்கொண்டார்.

1998ல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு 'அப்சொல்யூட்' என்ற வசதியைத் தந்தது. இடமிருந்து 240 பிக்சல், மேலிருந்து 600 பிக்சல் என்று சொன்னால் போதும், பட்டன் அங்கே போய் நிற்கும். மயக்கும் வசதி. ஆனால் அப்படி வைத்த பொருள் பக்கத்தின் ஓட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. மேலே உள்ள பத்தி தமிழில் இரண்டு வரி நீண்டால் மற்றவை கீழே நகரும், இது நகராது. பத்தியின் கடைசி வரிகள் பட்டனுக்கு அடியில் புதையும். பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் இதே கதிதான். எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் விஷயம் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்கின்றன டபிள்யூ3சி 2008ல் வெளியிட்ட நெறிமுறைகள்.

அதற்காக அப்சொல்யூட்டை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டிய இடத்துக்கு, உதாரணமாக மணிச் சின்னத்தின் மூலையில் வரும் எண்ணுக்கு, அதுவே சரி. தாய்ப் பெட்டிக்கு 'ரிலேட்டிவ்' என்று குறிப்பிட மறந்தால் அந்த எண் பக்கத்தின் மூலைக்கே ஓடிவிடும், அவ்வளவுதான்.

படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்த ஃப்ளோட்டும் வெகுகாலம் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கும் கூலி வேலை பார்த்தது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டை ஏற்றுக்கொண்டன; ஃப்ளோட்டுக்கு விடுதலை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்க கிரிட். மெனு, பட்டன்கள் போல ஒரே வரிசை என்றால் ஃப்ளெக்ஸ்பாக்ஸ்.

இவற்றிலும் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பெட்டியைக் கண்ணுக்கு மட்டும் இடம் மாற்றிக் காட்டலாம். பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும், டேப் விசையும் பொதுவாக எச்டிஎம்எல்லில் எழுதிய வரிசையிலேயே போகும். விவரம் தெரியாமல் மாற்றினால், 'சமர்ப்பிக்கவும்' முதலிலும் பெயர் கேட்கும் கட்டம் பிறகும் அவர்கள் காதில் விழும்.

தொங்கிய பட்டனுக்கு வைத்தியம் எளிது. அகலத்தை பிக்சலில் கட்டிப்போடாமல், எழுத்தைச் சுற்றி இடைவெளி மட்டும் கொடுத்தால் பட்டன் தானாக விரியும். வரிசையை ஃப்ளெக்ஸ்பாக்ஸில் வைத்து, இடம் போதாதபோது அடுத்த வரிக்கு இறங்கவும் அனுமதித்துவிட்டால், செல்போனின் சின்னத் திரையிலும் 'கவும்' உள்ளேயே இருக்கும்.