முதல் ஊசி எத்தனை மணிக்கு?

மாட்ரிட் நகரின் லாஸ் வெந்தாஸ் காளைப்போர் அரங்குக்கு வெளியே அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்கு ஒரு சிலை இருக்கிறது. அதன் முன்னே, தொப்பியைக் கழற்றி உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறான் ஒரு காளைப்போர் வீரன், அவனும் சிலைதான். 1964-ல் நிறுவப்பட்டது. கொம்பு குத்திய புண்ணில் சீழ் வைத்து வீரர்கள் மாண்டுபோன காலத்தை மாற்றியதற்காக, பெனிசிலினைக் கண்டுபிடித்தவருக்கு அவர்கள் செலுத்தும் வணக்கம் அது.

வணக்கம் நியாயமானது. ஆனால் கொம்பு தொடையோடு நிற்காமல் வயிற்றைத் துளைத்துப் பெருங்குடல் வரை போய்விட்டால், பெனிசிலின் மட்டும் போதாது. பெருங்குடலில் இருக்கும் ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகுபவை. குடல் கிழிந்த வயிற்றில் சீழ்க்கட்டி வைப்பதில் முன்னால் நிற்கும் பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்ற இனம், பெனிசிலினை உடைத்துப்போடும் நொதியைத் தானே சுரந்துகொள்ளும். கத்தியோ, தோட்டாவோ, கொம்போ உள்ளே போன வழியில் இந்தக் கூட்டம் வெளியேறி, அதுவரை கிருமியே இல்லாத வயிற்றறைக்குள் கொட்டுகிறது. அந்த நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

வயிற்றுக் காயத்துக்கு எந்த ஆன்டிபயாடிக் நல்லது என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ இதழ்களில் அலசப்பட்டு வருகிறது. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால், மருந்தின் பெயரைவிட அதை எப்போது தொடங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதே அழுத்தமாகத் தெரிகிறது. நம் மருத்துவமனைகளில் அதிகம் பேசப்படுவது மருந்தின் பெயர். நேரத்தைப் பற்றிய பேச்சு குறைவு.

நேரக் கணக்கை முதலில் தெளிவாகக் காட்டியவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் பர்க். 1961-ல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. கினி எலிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்தார். கிருமி நுழையும் முன்பே மருந்து திசுவில் இருந்தால் புண் கிட்டத்தட்ட இல்லை. தாமதம் கூடக் கூடப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்தபின் மருந்து கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாகவே இருந்தது.

எலியில் கண்டது மனிதரிலும் உண்மையா? 1972-ல் ஃபுல்லன், ஹன்ட், ஆல்டமையர் ஆகிய மூவரும் வயிற்றில் துளைக்காயம் பட்ட 295 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். அறுவைக்கு முன்பே ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத் தொற்று. அறுவை நடக்கும்போது பெற்றவர்களில் 33 சதவீதம். அறுவை முடிந்தபின் பெற்றவர்களில் 30 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல அது. இன்றைய தராசில் அதன் எடை குறைவுதான். ஆனாலும் ஏழுக்கும் முப்பதுக்கும் இடையே உள்ள தூரத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மருந்தின் பெயர் முக்கியமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மறு ஆண்டே, 1973-ல், தாடேபல்லி, கோர்பாக் குழுவினர் வயிற்றுக் காயம்பட்ட 100 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் கானமைசின் பொது. கூடவே ஒரு தரப்புக்கு செஃபலோதின், மறு தரப்புக்கு கிளின்டாமைசின். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளையும் தாக்கும் கிளின்டாமைசின் பெற்றவர்களில் 10 சதவீதம் பேருக்குத் தொற்று. மற்றவர்களில் 27 சதவீதம். குடல் காயத்துக்குத் தரும் மருந்து, ஆக்சிஜனில் வாழ்பவை, அது இல்லாமல் வாழ்பவை என இரண்டு வகைக் கிருமிகளையும் தாக்க வேண்டும் என்ற விதி அங்கிருந்து வலுப்பெற்றது. இன்று நம் வார்டுகளில் தொங்கும் மெட்ரோனிடசோல் பாட்டில் அந்த விதியின் வாரிசு. பெண்ணுறுப்புத் தொற்று ஒன்றுக்காக வந்த மருந்து அது. ஈறுப் புண்ணையும் அது ஆற்றுகிறது என்று 1962-ல் ஷின் என்பவர் எழுதிய சின்னக் குறிப்பிலிருந்துதான், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளையும் அது தாக்கும் என்பதை மருத்துவ உலகம் அறியத் தொடங்கியது.

இரு வகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்து என்ற வாசலைத் தாண்டியபின், மருந்துக்கு மருந்து பெரிய வேறுபாடு தென்படவில்லை. நிக்கல்ஸ் குழுவினர் 1984-ல், செஃபாக்சிடின் ஒரு பக்கம், கிளின்டாமைசினும் ஜென்டாமைசினும் மறுபக்கம் என்று ஒப்பிட்டார்கள். தொற்றை முன்கூட்டிச் சொன்னவை நோயாளியின் வயது, ஏற்றிய ரத்தத்தின் அளவு, காயம்பட்ட உறுப்புகளின் எண்ணிக்கை, இடப்பக்கப் பெருங்குடல் காயத்துக்காக வயிற்றில் மலவாய் வைக்க நேர்ந்ததா என்பவையே. எந்த மருந்து என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்தது, எப்போது நிறுத்துவது. குடல் கிழிந்த நோயாளிக்கு ஐந்து நாள், ஏழு நாள் என்று மருந்தை நீட்டுவது பழைய வழக்கம். மருத்துவர்கள் பேச்சில் அது ‘கவர்’. நோயாளியின் மேல் போர்வை போர்த்துவதைப் போன்ற ஆறுதல் அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்த ஆறுதலை 2000-ல் கிர்ட்டன் குழுவினர் சோதித்தார்கள். குடல் போன்ற உள்ளீடற்ற உறுப்பு துளைபட்ட 317 பேரில் ஒரு பாதிக்கு ஆம்பிசிலின்-சல்பாக்டம் 24 மணி நேரம், மறு பாதிக்கு ஐந்து நாள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தொற்றில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் விபத்துக்காய அறுவை மருத்துவர்கள் கூடும் ஈஸ்ட் அமைப்பின் 2012 வழிகாட்டுதல் இதைத்தான் பற்றிக்கொண்டது: அறுவைக்கு முன் ஒரு டோஸ், குடல் கிழியவில்லை என்றால் அதோடு சரி, கிழிந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

2019-ல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, 4,458 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தது. சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்பதே அதன் தீர்ப்பு. ஆய்வுகள் பழையவை, பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. குறுகிய காலமே போதும் என்று கல்வெட்டில் பொறிக்க முடியாதுதான். ஆனால் நீட்டுவதால் நன்மை உண்டு என்று காட்டும் பொறுப்பு, நீட்டச் சொல்பவர்களுடையது. அவர்கள் இன்னும் காட்டவில்லை.

காய்ச்சல் வந்தால் மருந்தை நீட்டத்தானே வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு புகழ்பெற்ற நோயாளியே விடை. 1981 மே 13 அன்று போப் இரண்டாம் ஜான் பால் வயிற்றில் சுடப்பட்டார். பெருங்குடலும் சிறுகுடலும் கிழிந்தன; ஏராளமான ரத்தம் போனது. ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவை நடந்தது. பிழைத்து ஜூன் 3 அன்று வீடு திரும்பியவர், காய்ச்சலோடு ஜூன் 20 அன்று மீண்டும் சேர்க்கப்பட்டார். காரணம் சைட்டோமெகலோ வைரஸ், அநேகமாக ஏற்றிய ரத்தத்தின் வழியே வந்தது. வைரஸுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் உதவாது. காய்ச்சல் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும். வயிற்றுக்குள் சீழ் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். தடுப்புக்காகத் தொடங்கிய மருந்தை நீட்டிக்கொண்டே போவது அந்தத் தேடலைத் தள்ளிப்போடும்.

நாள்களை நீட்டும் பல இடங்களில் கவனிக்காமல் விடப்படுவது அறுவை மேசையில் தர வேண்டிய அடுத்த டோஸ். ரத்தம் கொட்டும்போது மருந்தும் கூடவே கொட்டுகிறது. ஏற்றும் சலைனும் ரத்தமும் மிச்சமிருக்கும் மருந்தை நீர்க்கச் செய்கின்றன. பத்து யூனிட் ரத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும், ரத்தப்போக்கு நிற்கும்வரை, மறு டோஸ் தரலாம் என்கிறது ஈஸ்ட். அதிர்ச்சி நிலையில் வந்தவருக்கு மருந்து மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். நான்காம் நாள் காலை வார்டில் போடும் ஊசி அதை ஈடுகட்டாது.

மருந்துப் பெயர்களை அமெரிக்காவிலிருந்து அப்படியே இறக்குமதி செய்வதும் நமக்கு உதவாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகளில், நம் மருத்துவமனைகளின் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பான்மை மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களுக்குக் கட்டுப்படாதவை. அதைக் காட்டி, காயம்பட்ட எல்லோருக்கும் மெரோபெனம் என்று கை நீள்வது எளிது. மிச்சமிருக்கும் கடைசி ஆயுதங்களையும் மழுங்கச் செய்யும் வழி அது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்க 2012-ல் சென்னையில் மருத்துவ அமைப்புகள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. அந்தந்த ஊரின் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று அந்தந்த மருத்துவமனையின் ஆய்வகம் தொகுத்துச் சொல்ல வேண்டும். அதன்படி ஒரு மருந்தைத் தேர்ந்து, சீக்கிரம் கொடுத்து, சீக்கிரம் நிறுத்துவதே சரி.

சீக்கிரம் என்றால் எங்கே? ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்க ராணுவம் இதற்கு நேரடியான பதில் வைத்திருந்தது. சிப்பாயின் சட்டைப்பையிலேயே மாக்சிஃப்ளாக்சசின் மாத்திரை. விழுங்க முடியாதவருக்குக் களத்திலேயே எர்ட்டாபெனம் ஊசி. மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டு தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். கொம்புக் குத்து வெளியே விரலளவு தெரியும். உள்ளே மாடு தலையை உலுக்கிய உலுக்கில் கிழிசல் பல திசைகளில் ஓடியிருக்கும். மண்ணும் துணி நூலும் கூடவே போயிருக்கும். வாடிவாசல் அருகே மருத்துவக் குழு இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது. காயத்தைக் கட்டி, டிடி ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மற்ற நாள்களில் கத்திக்குத்துப் பட்டவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார், அங்கிருந்து தாலுகா, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி. பர்க்கின் மூன்று மணி நேரம் இந்தப் பாதையிலேயே கரைந்துவிடக்கூடும். ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, முதல் டோஸை முதலில் பார்த்த இடத்திலேயே போட்டுவிட முடியும். ரெஃபரல் சீட்டில் ரத்த அழுத்தம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று இன்னொரு கட்டம் அச்சடிக்கலாம். அறுவை அரங்கில் காத்திருப்பவருக்கு அடுத்த டோஸ் எப்போது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.