இடாப்பு யாருக்காக?

ஆசிரியர் கையிலுள்ள கருவிகளுள் மிக எளியது வரவு இடாப்பு. காலையில் பெயர் கூப்பிடுகிறோம். பிள்ளை எழுந்து விடை சொல்கிறது. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று தேடிப் போவதற்காகவே அந்த ஏடு உண்டாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றின் காலத்தில் அதே ஏட்டை நாம் வேறொரு வேலைக்கு எடுத்தோம். அந்த வேலையின் கணக்கை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால் நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். தனிமைப்படுத்தல் வேண்டாமென்று வாதிடுவது எமது நோக்கமன்று. மருந்தும் தடுப்பூசியும் இல்லாத வேளையில், நோயுற்றவரையும் அவரோடு நெருங்கிப் பழகியவரையும் சில நாள் விலக்கி வைப்பதைத் தவிர மனிதகுலத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. தொடர்பாளரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவ்வாறே இன்றியமையாதது. எமது வழக்கு விஞ்ஞானத்தோடன்று. விஞ்ஞானத்தின் பெயரால் நடந்ததோடுதான்.

2020 மார்ச் 13 முதல் இந்நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் திறப்பதும் மூடுவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. திறந்திருந்த நாள்களில் ஒரு பிள்ளைக்குத் தொற்று என்று தெரிந்தால், வகுப்பாசிரியர் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார்: "யார் பக்கத்தில் இருந்தாய்? யாரோடு சாப்பிட்டாய்? யாருடைய சைக்கிளில் போனாய்?" பிள்ளைகள் உண்மையைச் சொன்னார்கள். உண்மை பேச வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்கள் நாம்தாமே! அந்தப் பெயர்கள் பட்டியலாகின. பட்டியல் வெளியே சென்றது.

வல்வெட்டித்துறையில் எமது வகுப்பில் இருந்த ஒரு மாணவன் கதை இது. பிறருடைய வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகும் தந்தை. வீட்டில் தாயும் இரண்டு தங்கைகளும். நோயுற்ற நண்பனோடு ஒரே வாங்கில் இருந்ததாக அவன் தானே எழுந்து சொன்னான். மறுநாள் அவன் வீட்டு வாசலில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பதினான்கு நாள் யாரும் வெளியேறக் கூடாது. நல்லது. ஆனால் அந்தப் பதினான்கு நாளும் அடுப்பு எரிவது எப்படி? அன்று பிடித்த மீனில் அன்று உலை வைக்கும் குடும்பம் அது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவு வழங்கப்படுமென அரசு அறிவித்தது. அந்தப் பொதி அவ்வீட்டுப் படலையை அடைந்தது பதினோராம் நாள். அதுவரை வேலிக்கு மேலால் சோறு கொடுத்தவள் பக்கத்து வீட்டுக் கிழவி. சட்டம் எழுதிய எவரும் அவளை அறியார்.

பையன் வகுப்புக்குத் திரும்பியபோது அவனருகில் யாரும் இருக்கவில்லை. அவனைக் கண்டதும் நாமும் ஓரடி பின்வாங்கினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சில வாரங்களின் பின் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. நாம் அதே கேள்விகளைக் கேட்டோம். வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு மௌனமாக இருந்தது. "நான் ஒருவரோடும் இருக்கேல்லை, சேர்" என்றான் அந்தப் பையன். உண்மை சொன்னால் வீடு பட்டினி கிடக்கும் என்ற பாடத்தை அவன் எம்மிடமே படித்திருந்தான்.

இந்த மௌனத்தை ஒழுக்கக்கேடு என்று சொல்பவர்கள் உண்டு. பாமரருக்குப் பொறுப்பில்லை, அதனால் கடுமை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தக் கடுமை முன்னரே பரீட்சிக்கப்பட்ட ஒன்று. 1897 இல் பூனா நகரில் பிளேக் பரவியபோது ஆங்கில ஆட்சி படையினரை வீடு வீடாக ஏவிச் சோதனை செய்தது. மக்கள் நோயாளரையும் பிணங்களையும் ஒளித்தார்கள். வெறுப்பு முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதே 1897 இல் இலங்கையில் பிறந்ததுதான் எமது தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் எமது பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கு வந்தது அச்சட்டமே.

அச்சட்டம் எந்தக் கையில் எப்படிப் பயன்படும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் 2021 ஜூலை 8 அன்று கண்டோம். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அண்மையில் போராடிய இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். நீதிமன்றம் பிணை வழங்கியது. பிணை பெற்று வெளியே வந்தவர்களைப் பலவந்தமாக ஏற்றிச் சென்று, ஏறக்குறைய 300 கிலோமீற்றர் அப்பால், முல்லைத்தீவு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் 'தனிமைப்படுத்தினார்கள்'. நீதிபதி திறந்த கதவை நோயின் பெயரால் பூட்டினார்கள். இதை நாடெங்கும் பார்த்த பெற்றோர், பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறுவதை எப்படி மருத்துவமாகக் கருதுவர்? அதிலும் வடபகுதிப் பெற்றோருக்கு 'முகாம்' என்ற சொல் வெறும் சொல்லன்று. 2009 இல் செட்டிகுளத்து முள்வேலிக்குள் இருந்து வந்தவர்களும் எமது மாணவர்களின் பெற்றோரிடையே இருக்கிறார்கள்.

எமது ஊர் கடலோடிகளின் ஊர். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துச் சென்றது. தனிமைப்படுத்தலும் துறைமுகங்களில் பிறந்த வழக்கமே. நோய்க்கு அஞ்சிய வெனிஸ் நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் நங்கூரமிட்டு நிறுத்தினர் என்கிறது வரலாறு. கப்பல் எத்தனை நாள் நின்றாலும் கப்பலாட்களின் வயிற்றுக்குப் பொறுப்பு யார் என்று கடலறிந்த எந்தத் தண்டையலைக் கேட்டாலும் சொல்வார்: கப்பலை நடத்துபவரே. கப்பலை நிறுத்தும் அதிகாரம் உடையவர் அடுப்பை மறக்க முடியாது. இந்தச் சின்ன நீதி நாட்டை நடத்துவோருக்கு ஏன் எட்டவில்லை?

நாட்டில் பணமில்லை என்பார்கள். அறிவித்தல் ஒட்டுவதற்கு ஓர் ஆளை அனுப்ப முடிந்தபோது, அதே ஆளின் கையில் அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்ப முடியாதா? இது பணத்தின் குறையன்று. ஏழையை நோயாளியாகப் பாராமல் குற்றவாளியாகப் பார்க்கும் பார்வையின் குறை.

பெருந்தொற்று மீண்டும் வரும். எப்போது என்பதே கேள்வி. அதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மாணவர் சொல்லும் பெயர்கள் சுகாதார அதிகாரிகளிடம் மட்டுமே செல்லட்டும். பொலிசாருக்கோ படையினருக்கோ ஒருபோதும் செல்ல வேண்டாம். வாசலில் அறிவித்தல் ஒட்டப்படும் அன்றே உணவும் இழந்த கூலியும் வீட்டை அடையட்டும். 1945 இல் இந்நாடு இலவசக் கல்வியை ஏற்றுக்கொண்டது. கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைக்குப் பதினான்கு நாள் கல்வியை மறுப்பது அந்த வாக்கை முறிப்பதாகும். எனவே பாடம் அச்சிட்ட தாளாக அவ்வீட்டுப் படலைக்குப் போகட்டும். திரும்பி வரும் பிள்ளையின் அருகில் முதலில் போய் இருப்பவர் ஆசிரியராக இருக்கட்டும்.

இவை சட்டமாக எழுதப்படும்வரை நாம் வாளாவிருக்கலாகாது. எமது சங்கங்கள் இதைப் பேசவேண்டும். ஆசிரியர் அறைகளில் இது விவாதிக்கப்படவேண்டும். இடாப்பு எமது கையில் இருக்கிறது. அது பிள்ளையைத் தேடிப் போகும் ஏடா, பிள்ளையைக் காட்டிக் கொடுக்கும் ஏடா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். அன்று தலை குனிந்து நின்ற வகுப்புக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.