அப்பா போட்டோவும் ஒரு பூட்டின வீடும்

போன மாசம் அம்மா ஃபோன்ல கேட்டாங்க. "அப்பா திண்ணையில உட்கார்ந்து பேப்பர் படிக்கிற போட்டோ ஒண்ணு இருந்துச்சே, இன்டர்நெட்ல ஏத்திட்டேன்னு சொன்னியேடா, அதைப் பெருசா பிரிண்ட் போட்டுக் கொடேன்."

ஏத்தினது நிஜம். 2006-ல ஸ்கேன் பண்ணி, அப்ப இலவசமா கிடைச்ச ஒரு தளத்துல போட்டேன். அந்தத் தளத்தை எப்பவோ மூடிட்டாங்க. மூடப்போறோம்னு மடல் அனுப்பியிருப்பாங்க, நான் பார்க்கறதை விட்டுட்ட பழைய முகவரிக்கு. மூலப்படம் 2015 டிசம்பர் வெள்ளத்துல சைதாப்பேட்டை வீட்டோட நனைஞ்சு கூழாப்போச்சு. "தேடறேம்மா"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். எங்க போய்த் தேடறது?

பாதித் தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன். மீதிப் பாதியைப் பத்திதான் இந்தப் புலம்பல்.

யாஹூ 2009 அக்டோபர்ல ஜியோசிட்டீஸை மூடிச்சு. ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30-ல போச்சு. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல. நம்மாளுங்க வருஷக்கணக்கா சண்டை போட்டு வளர்த்த யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர்ல. கடை அவங்களோடது, மூடறாங்க, சரி. நாம காசு குடுத்து வாங்கினதாவது நம்மளோடதான்னு பார்த்தா, அதுவும் இல்லைங்க. 2009 ஜூலையில அமேசான், விற்பனை உரிமைச் சிக்கல்னு சொல்லி, மக்களோட கிண்டிலுக்குள்ள புகுந்து புத்தகத்தை அழிச்சுது. அழிஞ்ச புத்தகம் என்ன தெரியுமா? ஆர்வெல்லோட '1984'! நான் கதை விடலை :-) அப்புறம் பணத்தைத் திருப்பிக் குடுத்து, மன்னிப்பும் கேட்டாங்க.

"அப்ப நீயே சொந்தமா சர்வர் வெச்சுக்கயேன்"னு ஆபீஸ்ல ஒரு நண்பர் சொன்னார். வெச்சுப் பார்த்தாச்சு. பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு, மடலுக்குச் சொந்த ஏற்பாடு. மூணு வாரம் தூக்கம் கெட்டுச்சு. அனுப்பின மடலெல்லாம் எரிதப் பெட்டிக்குப் போய் உட்கார்ந்துக்கிச்சு. அது எங்கம்மாவுக்கோ உங்கம்மாவுக்கோ சரிப்பட்டு வராது.

நான் கேட்கறது வேற. 2011 ஜனவரி 20-லேருந்து நம்ம ஊர்ல செல்ஃபோன் நம்பரை மாத்தாமலே கம்பெனியை மாத்திக்கலாம். அதுக்காக யாரும் வீட்டு மாடியில டவர் கட்டலை. எல்லாக் கம்பெனியும் ஒரே விதிக்குக் கட்டுப்படணும்னு டிராய் சொல்லிச்சு, அவ்வளவுதான். மின்னஞ்சலும் பாதி அப்படித்தான். யாஹூல இருக்கறவர் ஜிமெயிலுக்கு எழுதலாம், ஏன்னா அந்த நெறிமுறை பொதுச்சொத்து. ஆனா வாட்ஸப்பை விட்டு வெளிய வாங்க பார்ப்போம். சொந்தக்காரங்க அத்தனை பேரும் உள்ள, நீங்க மட்டும் தெருவுல.

மாஸ்டடான் மாதிரி பரவலா இயங்கற இடங்கள் இதுல பரவாயில்லை. ஒரு வழங்கி பிடிக்கலைன்னா இன்னொண்ணுக்கு மாறலாம், உங்களைப் பின்தொடர்றவங்களும் கூட வருவாங்க. பழைய பதிவுகள் மட்டும் வராது. (பெண்டாட்டி பிள்ளையோட வீடு மாறிட்டு, பீரோவை விட்டுட்டு வந்த கதை.)

ஐரோப்பாவுல 2018 மே மாசத்துலேருந்து, உன் தரவை எடுத்துக்கிட்டு வேற இடம் போக உனக்கு உரிமை உண்டுன்னு சட்டம் இருக்கு. நம்ம ஊர்ல 2019 மசோதாவுலயும் அந்த உரிமை இருந்துச்சு. 2023-ல நிறைவேறின சட்டத்துல காணோம்! யாரும் பெருசா சத்தம் போட்ட மாதிரியும் தெரியலை. எனக்கு அதுதான் ஆத்திரம். செல்ஃபோன் நம்பருக்கு இருக்கற மரியாதை எங்கப்பா போட்டோவுக்கு இல்லையா?

கும்பகோணத்துல சித்தப்பா ஆல்பத்துல இன்னொரு பிரதி இருக்கலாம்னு அம்மா நேத்து ஞாபகப்படுத்தினாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பஸ். ஸ்கேனரையும் தூக்கிக்கிட்டுத்தான் போறேன்.