கண்ணாடி வேண்டாம், வீட்டுத் திறப்பைத் தாங்கோ



எங்கட வீடுகளில் வயசானவர்களைப் பற்றி ஆகக் கூடுதலாகப் புழங்குகிற சொல் 'பாவம்'. பாவம் அம்மம்மா, தனிய இருக்கிறா. பாவம் அப்பப்பா, அவருக்கு ஒண்டும் விளங்காது. அன்பாகத்தான் சொல்லுகிறோம். ஆனால் ஒரு மனிசரைப் 'பாவம்' எண்டு சொன்ன நிமிசத்திலிருந்து அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. எந்த டொக்டரிட்டப் போறது, ஊர்க் காணியை என்ன செய்யிறது, இரவைக்கு என்ன சமைக்கிறது, எல்லாம் அவரைத் தாண்டியே முடிவாகிவிடும்.

இதுக்கு மருந்தாக இப்ப வந்திருப்பது தன்னம்பிக்கைப் பட்டறை. ஸ்காபரோவில் அப்படி ஒன்றுக்கு நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். எல்லாரையும் வட்டமாக இருத்தி, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்து, அதைப் பார்த்து 'நான் பெறுமதியானவள்' எண்டு மூன்று தரம் சொல்லச் சொன்னார்கள். எழுபது தாண்டிய ஒரு அம்மா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னா: "பிள்ளை, உதை விட்டுட்டு எனக்கு ஒரு வீட்டுத் திறப்புத் தரச் சொல்லு." ஆறு வருசமாக மகன் வீட்டில் இருக்கிறா. தொலைச்சுப்போடுவா எண்டு திறப்புக் கொடுக்கவில்லையாம். வெளிக்கிட்டால் ஆராவது வேலையால் வரும்வரை வாசலில் நிற்க வேணும், பனியிலும். ஆகவே வெளிக்கிடுவதில்லை. நான் அதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். நடத்தியவர் சிரித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்.

மனசு பொருட்டில்லை எண்டு நான் சொல்லவில்லை. ஒகாயோவில் 50 வயசு தாண்டிய 660 பேரின் தரவுகளை வைத்து பெக்கா லீவியும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 7.5 வருசம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். சரி, அந்த எண்ணம் எங்கேயிருந்து வருகுது? 1976இல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெற்றிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த பரிசோதனையை உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கட அறை உங்கட பொறுப்பு, இந்தச் செடிக்கு நீங்களே தண்ணி விடுங்கோ, படம் எந்த இரவு பார்க்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ என்றார்கள். மற்றத் தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணி விடுவது தாதிமார், படம் பார்க்கும் நாளும் நிர்வாகம் குறித்தது. மூன்று கிழமையில் முதல் தளத்துக்காரர் கூடுதலான உற்சாகத்தோடு இருந்தார்கள். சின்ன ஆய்வு, அதன் தலையில் அதிக பாரம் ஏற்றக்கூடாது. ஆனாலும் கவனியுங்கோ, அங்கே ஒருத்தரையும் பாராட்டவில்லை. முடிவெடுக்கிற உரிமையில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எங்கட ஆக்களிடமிருந்து அந்த உரிமையைப் பறித்தது பிள்ளைகள் மட்டுமில்லை. கனடாவில் கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் பண்ணினால் மூன்று வருசம் பொறுப்பு. அம்மா அப்பாவை எடுத்தால், கியூபெக்குக்கு வெளியே, 20 வருசம். 2014க்கு முதல் அது பத்து. ஹார்ப்பர் அரசு இரட்டிப்பாக்கியது, பிறகு வந்த லிபரல்கள் அதைத் தொடவில்லை. அந்தக் காலத்துக்குள் அம்மா வெல்ஃபெயர் எடுத்தால் அந்தக் காசை மகன் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேணும். முதியோர் பென்சனுக்கோ குறைந்தது பத்து வருசம் இங்கே வசித்திருக்க வேணும், அப்போதும் கிடைப்பது முழுத்தொகையில் நாற்பதில் பத்துப் பங்கு. 68 வயசில் வந்து இறங்கிய ஒரு மனிசியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. 78 மட்டும் பென்சன் இல்லை. 88 மட்டும் அவ மகனின் பொறுப்பு. மகன் கை நீட்டினாலும் வீட்டை விட்டுப் போகத் துணியமாட்டா, போனால் பிள்ளை கடன்காரன் ஆகிடுவான். சூப்பர் விசாவில் வந்தவர்களின் நிலைமை இன்னும் மோசம்: வேலை செய்ய அனுமதி இல்லை, மாகாண மருத்துவக் காப்புறுதி இல்லை, 100,000 டொலருக்குக் குறையாத தனியார் காப்புறுதியைக் குடும்பம் வாங்க வேணும். காய்ச்சல் எண்டு வாய் திறக்கவே அவர்கள் யோசிக்கிறார்கள். இந்த மனிசருக்கு நாங்கள் கண்ணாடி கொடுக்கிறோம்!

இவ்வளவுக்கும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்த மடலை வாசிக்கிற பலபேரின் அம்மா அப்பா இரண்டு ஷிப்ட் அடித்துத்தான் வீட்டுக் கடன் கட்டினார்கள். அந்த நேரம் உங்களைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தினது ஆர்? அந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, பென்சன் கணக்கில் ஒரு புள்ளியும் இல்லை. பெண்களின் ஊதியமில்லா உழைப்பைப் பற்றி வாசிப்பு வட்டத்தில் மணிக்கணக்காகக் கதைக்கிற நாங்கள், மேல்மாடியில் உடுப்பு மடிக்கிற அம்மம்மாவை அந்தக் கோட்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்வதில்லை.

இனி எங்கட அமைப்புக்கே வாறன். நிகழ்வுகளில் மூத்தோருக்கு நாங்கள் கொடுத்திருக்கிற வேலை மூன்று: விளக்கேற்றுவது, பொன்னாடை போர்த்தச் சம்மதிப்பது, வாய்மொழி வரலாற்றுக்குப் பேட்டி கொடுப்பது. பேட்டியிலும் போரையும் இழப்பையும் மட்டுமே கேட்கிறோம். இருபது வருசம் கூட்டுறவுச் சங்கக் கடை நடத்தி, கணக்கில் சதம் பிசகாமல் ஒப்படைத்தவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எங்கட நிதிக் கணக்கின் லட்சணத்துக்கு அவரை அல்லவா பொருளாளராகப் பிடித்திருக்க வேணும்! 2009 மே 10, அன்னையர் தினத்தன்று, கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்த சனத்தில் வயசானவர்களும் இருந்தார்கள். ரோட்டுக்கு ஆக்கள் தேவைப்பட்டபோது கூட்டிக்கொண்டு போனோம். செயற்குழு ஆங்கிலத்தில், இரவு எட்டு மணிக்கு, சூமில்.

தோழர்கள் சிலர் சொல்லுவார்கள்: அதுகள் சாதி பார்க்கிற, பெட்டையளை அடக்குகிற தலைமுறை, அதிகாரத்தைக் கொடுத்தால் எங்கட அரசியலையே கவிழ்த்துப்போடுங்கள். இந்த வாதத்தில் எனக்குக் கோபம்தான் வருகுது. ஒரு அப்பப்பா சாதிக் கதை கதைத்தால் நாங்கள் கண்ணை உருட்டிவிட்டு 'அவர் திருந்தமாட்டார்' எண்டு நகருகிறோம். அதுக்குப் பெயர் பொறுமை இல்லை, அவமதிப்பு. சமமானவர் எண்டு நினைத்தால் எதிரில் இருந்து சண்டை பிடித்திருப்போம். அதோடு, எந்தத் தலைமுறையைச் சொல்லுகிறீர்கள்? 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனதும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடி வாங்கியதும் ஆர்? அன்றைக்கு 20 வயசான பெடியனுக்கு இப்ப 80ஐ நெருங்கும், அல்லது தாண்டியிருக்கும். எங்கட சாதி எதிர்ப்புக் கருத்தரங்குக்கு அமெரிக்காவிலிருந்து பேராசிரியர் வாறார். அந்தப் பெடியன் எந்த வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறார் எண்டு தேடினோமா?

மேகி கூனை அவரின் தேவாலய நிறுவனம் 65 வயசில் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பியது. 1970இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய அமைப்புத்தான் கிரே பாந்தர்ஸ். அவர்கள் முதுமையைப் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டு இருக்கவில்லை, இளையவர்களோடு சேர்ந்து வியட்நாம் போரை எதிர்த்தார்கள். அதில் ஒருத்தரும் மற்றவருக்குச் 'சேவை' செய்யவில்லை.

ஆகவே வருடாந்தக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டு வாறன். செயற்குழுவில் 65 தாண்டியவர்களுக்கு வாக்குரிமையோடு மூன்று இடம். கூட்டங்களில் பாதி பகலில், பஸ் போகிற இடத்தில், தமிழில். ஸ்காபரோ ஆர்.டி. 2023இல் தடம் புரண்டு ஒரேயடியாக மூடப்பட்ட பிறகு பஸ் மாறி மாறித் திரிகிற கஷ்டம் அவர்களுக்குத்தான் நல்லாய்த் தெரியும், ஆகவே போக்குவரத்துப் பிரச்சாரத்தின் கோரிக்கைகளை அவர்களே எழுதட்டும். 20 வருச ஸ்பொன்சர் விதியைப் பழையபடி பத்தாகக் குறைக்கக் கோரும் பிரச்சாரத்தையும் இந்த வருச வேலைத்திட்டத்தில் சேர்க்க வேணும். பொன்னாடைக்கு ஒதுக்கிய காசு பஸ் கட்டணத்துக்குப் போகட்டும். அதோடு, கூட்டத்துக்கு வாற ஒவ்வொரு தோழரும் தன்ர வீட்டில் உள்ள மூத்தவரிடம் திறப்பும் வங்கி அட்டையும் இருக்கா எண்டு கேட்டுக்கொண்டு வரவேணும். பதிலைக் கூட்டத்தில் சொல்ல வேணும்.

தீர்மானத்தின் வரைவு தமிழில் தயார். ஆங்கிலத்தில் வேணுமெண்டால் எழுதுங்கோ, பிறகு அனுப்புறன்.