வகுப்பறையில் சினிமா போடுங்கள், சார்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

தலைப்பைப் பார்த்ததும், "கிளாஸ் கட் அடிக்க இவனுக்கு இப்படி ஒரு வழியா?" என்று சிரிக்காதீர்கள். கட் அடித்துப் பார்த்த படங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மலரில் பக்கம் போதாது. நான் சொல்ல வந்தது வேறு விஷயம்.

மூன்று வருஷத்தில் நமக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். லேத்தில் திரெட் வெட்டத் தெரியும். வெர்னியரில் அளவு பார்க்கத் தெரியும். ஆனால் நாளைக்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராகப் போய் நிற்கிறோம் என்று வையுங்கள். ஒரு பக்கம் நம்மைவிட இருபது வயது மூத்த தொழிலாளி, இன்னொரு பக்கம் மேனேஜர், நடுவில் நாம். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றால் என்ன பேசுவது? நான் எழுதிய எந்தப் பேப்பரிலும் (அரியர் உட்பட) இதற்குப் பதில் வரவில்லை.

எனக்கு இது ஏன் உறைத்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருஷ மெஸ் தகராறு விடுதி நண்பர்களுக்கு மறந்திருக்காது. காலை டிபன் எட்டரைக்குத்தான் வரும். ஒன்பதுக்கு முதல் ஹவர் அட்டெண்டன்ஸ். பாதி நாள் வெறும் வயிறுதான். நாங்கள் ஆறு பேர் வார்டனிடம் போனோம். போகும்போதே முடிவு பண்ணிக்கொண்டு போனோம்: "சமையல் மாஸ்டரை மாத்துங்க. இல்லேன்னா யாரும் சாப்பிட மாட்டோம்." பேசியது நான்தான். பின்னால் ஐந்து பேர் ஆமாம் போட, அன்றைக்கு எனக்கு ரஜினி என்று நினைப்பு! இரண்டு நாள் தட்டைக் கவிழ்த்து வைத்தோம். மூன்றாம் நாள் மாஸ்டரை அனுப்பிவிட்டார்கள். பட்டாசு கூட வெடித்தோம்.

புது மாஸ்டர் வந்தார். டிபன் எட்டரைக்குத்தான் வந்தது!

அப்புறம்தான் விசாரித்தோம். மெஸ் தொட்டியில் தண்ணீர் ஏறுவதே ஆறரைக்கு மேல்தான். மோட்டார் போடுகிறவர் டூட்டிக்கு வரும் நேரம் அது. பழைய மாஸ்டர் இதை மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாராம். அவரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பிறகு ஒரே ஒரு லெட்டர் எழுதினோம். ராத்திரி வாட்ச்மேன் ஐந்து மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டுப் போக ஏற்பாடாயிற்று. டிபன் ஏழே முக்காலுக்கு வந்தது. மாஸ்டர் திரும்பி வரவில்லை. லேட்டாக வருகிறவனுக்காகச் சட்னியைத் தனியே எடுத்து மூடிவைக்கிற மனுஷன் அவர்.

இந்த வருஷம் ஆங்கில சார் ஒருநாள் செமினார் ஹாலில் ஒரு படம் போட்டார். '12 ஆங்ரி மென்'. 1957-ல் வந்த அமெரிக்கப் படம். கறுப்பு வெள்ளை. சிட்னி லூமெட் டைரக்ஷன். பாட்டு இல்லை, ஃபைட் இல்லை, கிட்டத்தட்ட முழுப்படமும் ஒரே ரூமுக்குள். கடைசி பெஞ்ச் தூங்கத் தயாரானது, பொய் சொல்வானேன், நானும்தான். அப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகள் ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும். முதல் ஓட்டில் பதினோரு பேர் 'குற்றவாளி' என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா ஒருத்தர் மட்டும் 'இல்லை'.

அங்கேதான் சார் படத்தை நிறுத்தினார். "நீ அந்த ஆளா இருந்தா இப்ப என்ன பேசுவே?" என்று வரிசையாகக் கேட்டார். "பையன் நிரபராதின்னு அடிச்சுச் சொல்வேன் சார்" என்றேன். மறுபடி படம் ஓடியது. ஃபோண்டா அப்படிச் சொல்லவே இல்லை! எனக்கும் நிச்சயமில்லை, ஒரு உயிரைப் பற்றி முடிவெடுக்கும் முன் கொஞ்சம் பேசலாமே என்கிறார், அவ்வளவுதான். யாரும் தோற்கவேண்டிய அவசியம் இல்லாமல் கதவைத் திறந்து வைக்கிறார். நான் வார்டன் ரூமில் முதல் வாக்கியத்திலேயே கதவைச் சாத்திவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு ஒரு ரகசிய ஓட்டு. மற்ற பதினோரு பேரும் மறுபடி 'குற்றவாளி' என்று எழுதினால் நானும் ஒத்துக்கொள்கிறேன் என்கிறார். எவ்வளவு பெரிய ரிஸ்க்! ஒரே ஒரு கிழவர் மாறுகிறார். ரகசிய ஓட்டு என்பதால்தான் அவரால் மாற முடிந்தது. கைதூக்கச் சொல்லியிருந்தால் மாறியிருப்பாரா? நம் யூனியன் கூட்டங்களில் எல்லாம் கைதூக்கல்தானே! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் கடைசியில் வருகிறது. பிடிவாதமாக நின்று உடைந்து அழுத ஆளுக்கு, ஜெயித்த ஃபோண்டாவே கோட்டை எடுத்து மாட்டிவிடுகிறார். நாங்கள் பட்டாசு வெடித்தோம்.

படத்தில் ஒரு தப்பும் உண்டு. சாட்சியாக வந்த கத்தியைப் போலவே இன்னொன்றை ஃபோண்டா கடையில் வாங்கி வந்து மேஜையில் குத்துவார். ஜூரி தானாகப் போய்த் துப்பறிவது சட்டப்படி கூடாது. நம் நாட்டில் குற்ற வழக்குகளுக்கு ஜூரி முறையே 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஒழிந்துவிட்டது. ஆகவே நமக்கு அதில் பாடம் சட்டம் அல்ல, பேச்சு.

இங்கிலீஷ் படம்தானா என்று கோபிக்க வேண்டாம். விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தை டி.வி.யில் பார்க்காதவன் யார்? சம்பளப் பணத்தில் ஆரம்பித்த அப்பா-மகன் சண்டை, வீட்டுக்கு நடுவே கோடு போடும் வரை போகிறது. கடைசியில் மகன் இறங்கி வந்து எல்லாரும் ஒன்று சேரும் நேரத்தில், மருமகள் உமா (லட்சுமி) வேண்டாம் என்கிறாள். தனித்தனியாக இருப்போம், அவ்வப்போது சந்தித்துக்கொள்வோம் என்கிறாள். ஃபிஷர், யூரி என்ற இருவர் 1981-ல் எழுதிய பேச்சுவார்த்தைப் புத்தகம் ஒன்று, ஆள் என்ன கேட்கிறான் என்பதை விட ஏன் கேட்கிறான் என்று பார் என்கிறது. ஒரே கூரை என்பது அப்பா கேட்டது. அவருக்கு வேண்டியது உறவு. உமா எந்தப் புத்தகமும் படிக்காமல் அதைப் பிரித்துவிட்டாள்!

"அட போடா, வசனம் எழுதியவர் நினைத்தால் எல்லாரும் சமாதானமாகிவிடுவார்கள்" என்று ஒரு நண்பன் மடக்கினான். நியாயம்தான். அதனால்தான் முழுப்படமாக ஓட்டாமல் பாதியில் நிறுத்த வேண்டும் என்கிறேன். அதே காட்சியை நம் பையன்கள் இருவர் எழுந்து நடித்துப் பார்க்கட்டும். பிறகு ஆளை மாற்றி உட்காரட்டும், தொழிலாளியாகப் பேசியவன் மேனேஜராக. ஹீரோ ஒரு அறை விட்டுப் பஞ்சாயத்தை முடிக்கும் படங்களையும் போடுங்கள். அறை வாங்கியவன் மறுநாள் காலையில் என்ன செய்வான் என்று கேளுங்கள். கிளாஸ் இரண்டு ஹவர் ஓடும்.

புரொஜெக்டர் செமினார் ஹாலில் சும்மாதான் இருக்கிறது. வாரம் ஒரு ஹவர் போதும். யூனியன் சார்பில் பிரின்சிபாலிடம் கேட்கப் போகிறோம். முதலில் லேப் இன்சார்ஜ் சாரிடமும் ஆங்கில சாரிடமும் எந்த ஹவர் காலி, அவர்களுக்கு இதில் என்ன சிரமம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி ஹவர் என்றால் பஸ்ஸில் போகிற நண்பர்களுக்குக் கஷ்டம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. வேறு எந்த நாள் தோது என்று டே ஸ்காலர் நண்பர்கள் எழுதிக் கொடுங்கள், யூனியன் ரூமில் நோட்டு வைத்திருக்கிறேன்.