நோயின் பெயர் அல்ல, செயலின் கணக்கு

அமெரிக்க அதிபர்களின் மனநிலை பற்றிய கேள்வி கடந்த சில ஆண்டுகளாக ஓயவே இல்லை. 2017 முதல் டிரம்ப்பைப் பற்றிக் கேட்டார்கள்; 2024-ல் பைடனைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடும் அதிகாரம் ஒரே ஒருவர் கையில் இருக்கும் நாட்டில், அவர் நிதானமாக யோசித்து முடிவெடுக்கக் கூடியவர்தானா என்று குடிமக்கள் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதற்கு ஏதாவது ஒரு மனநோயின் பெயரைப் பதிலாகச் சொல்லும் பழக்கம் ஆபத்தானது. தூரத்திலிருந்து நோய் கண்டுபிடிப்பதால் எந்த நாடும் காப்பாற்றப்பட்டதில்லை. தலைவர் செய்த காரியத்துக்குக் கணக்குக் கேட்பதும், உண்மை தெரிந்தும் அவரை மூடி மறைப்பவர்களைக் கேள்வி கேட்பதும்தான் அதனால் தட்டிப்போகின்றன.

1964-ல் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்றவர் பாரி கோல்ட்வாட்டர். ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, அதிபராக இருக்க இவர் மனதளவில் தகுதியானவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் தகுதி இல்லை என்றார்கள். 657 பேர் உண்டு என்றார்கள். 571 பேர் கருத்துச் சொல்லும் அளவுக்குத் தங்களிடம் விவரம் இல்லை என்று ஒதுங்கினார்கள். மருத்துவ நெறிப்படி நடந்தவர்கள் அந்த 571 பேர்தான். தகுதி இல்லை என்றவர்களில் ஹிட்லரோடும் ஸ்டாலினோடும் அவரை ஒப்பிட்டவர்களும் இருந்தார்கள். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். இழப்பீடாக 1 டாலரும் தண்டத் தொகையாக 75,000 டாலரும் அவருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. நேரில் பரிசோதிக்காமலும் அனுமதி பெறாமலும் பொதுவாழ்வில் இருப்பவர்களைப் பற்றி மருத்துவக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் விதி செய்தது. அந்த விதிக்கு இன்றும் கோல்ட்வாட்டரின் பெயர்தான் வழங்குகிறது.

அவரை எதிர்க்கக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 1964-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர் அவர். போர்முனையில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவைத் தளபதிகளிடம் விடலாம் என்பதுபோலப் பேசியவர். இவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க எந்த மருத்துவரும் தேவைப்படவில்லை. மக்களே பார்த்தார்கள், ஆறு மாநிலங்கள் தவிர எல்லாவற்றிலும் அவரைத் தோற்கடித்தார்கள். பத்தாண்டு கழித்து, 1974 ஆகஸ்டில், வாட்டர்கேட் ஊழலில் சிக்கியிருந்த அதிபர் நிக்சனை வெள்ளை மாளிகையில் சந்தித்து, செனட்டில் உங்களுக்கு ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மூவரில் ஒருவர் இதே கோல்ட்வாட்டர். மறுநாளே நிக்சன் பதவி விலகலை அறிவித்தார்.

மருத்துவச் சொல் அரசியல்வாதிகள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்வடார் சாட்சி. 1997 பிப்ரவரியில் அதிபர் அப்தலா புகாராமுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். விலை உயர்வு, ஊழல் என்று அவர்களின் கோபத்துக்குத் திடமான காரணங்கள் இருந்தன. அவற்றை முன்வைத்து முறைப்படி பதவிநீக்கம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நாடாளுமன்றத்தில் அவ்வளவு வாக்கு இல்லை. ‘மனத்தளவில் இயலாதவர்’ என்று அறிவிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆகவே ஒரு மருத்துவப் பரிசோதனைகூட இல்லாமல் 44-க்கு 34 என்ற வாக்கில் அவர் மனநிலை சரியில்லாதவர் ஆக்கப்பட்டார். அடுத்த சில மணி நேரங்களில் மூன்று பேர் அதிபர் நாற்காலிக்கு உரிமை கோரினார்கள். புகாராம் நல்ல ஆட்சியாளர் என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. நிரூபிக்க வேண்டிய குற்றத்தை நிரூபிக்காமல் தாண்டிப் போக மனநோய் என்ற சொல் உதவியது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

மருத்துவர்களுக்கு எச்சரிக்கும் கடமை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. 2017-ல் டிரம்ப்பைப் பற்றி 27 மனநல மருத்துவர்களும் வல்லுநர்களும் சேர்ந்து ஒரு நூலே எழுதினார்கள். ஆபத்தைக் கண்டவன் வாய் மூடி இருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அவர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் மனநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பைத் தயாரித்த குழுவின் தலைவர் ஆலன் பிரான்சிஸ் அப்போதே இதை மறுத்தார். டிரம்ப்பின் நடத்தையை நோய் என்பது உண்மையான மனநோயாளிகளை அவமதிப்பது, அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் என்றார். மனநோய்ப் பெயர்கள் மேடையில் வசையாக ஒலிக்கும்போது, சிகிச்சை தேவைப்படும் எத்தனையோ பேர் மருத்துவரிடம் போகவே கூசுகிறார்கள். மாற்றுத்திறனைக் குறிக்கும் சொற்களை வசையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று நம் தேர்தல் ஆணையம் 2023 டிசம்பரில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியதும் இதனால்தான். 2021 ஜனவரி 6-ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு டிரம்ப் மீது வந்த பதவிநீக்கக் குற்றச்சாட்டில் நோய் எதுவும் இல்லை. கலகத்தைத் தூண்டினார் என்ற செயல் இருந்தது. செனட்டில் 57 பேர் எதிராக வாக்களித்தும் மூன்றில் இரண்டு பங்கு எட்டாததால் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பதிவாகி நிற்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஒரு தலைவருக்கு உண்மையிலேயே மூளை பாதிக்கப்பட்டிருந்தால்? 1919 அக்டோபர் 2-ம் தேதி அதிபர் உட்ரோ வில்சனுக்குக் கடுமையான பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. யார் உள்ளே போகலாம், எந்தக் காகிதம் அவரிடம் போகலாம் என்பதை மனைவி ஈடித் முடிவு செய்தார். மருத்துவர் கேரி கிரேசன், அதிபர் இயலாதவர் என்று எழுதித்தர மறுத்தார். டிசம்பரில் இரண்டு செனட்டர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். இடது கை போர்வைக்குள் மறைந்திருக்க, வலது கையை மட்டும் வெளியே வைத்து வில்சன் அவர்களோடு பேசினார். அவர்களும் நம்பி, அதிபர் தெளிவாக இருக்கிறார் என்று வெளியே வந்து சொன்னார்கள். அதிபர் இல்லாமலே அமைச்சரவையைக் கூட்டி, அவரால் பணியாற்ற இயலுமா என்று கேட்ட வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் 1920 பிப்ரவரியில் பதவி விலக வைக்கப்பட்டார். 1921 மார்ச் வரை நாடு இப்படியே ஓடியது. இங்கே நோய் என்ன என்பது மருத்துவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் மறைத்தார்கள், கேட்டவர் வேலை இழந்தார். 2024-ல் நடந்ததும் அதே வகைதான். பைடனுக்கு ஒரு குறையும் இல்லை என்றே கட்சிப் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். டிரம்ப்புடனான ஜூன் 27 விவாதத்தை 5 கோடிக்கும் மேற்பட்டோர் நேரலையில் பார்த்த பிறகுதான் வாய் திறந்தார்கள். ஜூலை 21-ல் அவர் போட்டியிலிருந்து விலகினார்.

அப்படியானால் எல்லா மருத்துவக் குறிப்புகளையும் வெளியிட்டுவிடலாமா? கூடாது. 1972-ல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், முன்பு மனச்சோர்வுக்காக மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்பது வெளியானது. வேட்பாளரான 18 நாளில் அவர் விலக்கப்பட்டார். அதன் பிறகும் 1987 வரை செனட்டராகப் பணியாற்றினார். நார்வே வேறு வழியில் போனது. 1998-ல் பிரதமர் போண்டெவிக் மனச்சோர்வு காரணமாகவே விடுப்பில் போகிறார் என்று வெளிப்படையாக அறிவித்தார். மூன்று வாரத்துக்கும் மேல் வேறொருவர் பொறுப்பைக் கவனித்தார். போண்டெவிக் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 2001-ல் மீண்டும் பிரதமராகவும் ஆனார். மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதல்ல. இன்று அவரால் கோப்பைப் படித்து, எதிர்க்கருத்தைக் கேட்டு, முடிவெடுக்க முடிகிறதா என்பதுதான்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25-வது திருத்தம் 1967-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் பிரிவு எந்த நோயையும் பெயர் சொல்வதில்லை. பதவிக்குரிய கடமைகளைச் செய்ய இயலாத நிலை என்று மட்டும் சொல்கிறது. துணை அதிபரும் அமைச்சரவையின் பெரும்பான்மையும் சேர்ந்து அதை அறிவிக்கலாம். ஆனால் அந்த அமைச்சர்கள் அதிபரால் நியமிக்கப்பட்டவர்கள், லான்சிங் போல நீக்கப்படக் கூடியவர்கள். அமைச்சரவைக்குப் பதிலாக வேறொரு குழுவைச் சட்டத்தால் அமைக்கலாம் என்றும் அதே பிரிவு இடம் தந்திருக்கிறது. இரு கட்சியினரும் நியமிக்கும், அதிபரால் கலைக்க முடியாத ஒரு குழுவாக அது இருக்க வேண்டும். அதிபரை நேரில் பரிசோதிக்க வைக்கும் அதிகாரமும், சுற்றியிருப்பவர்களை உறுதிமொழியின் பேரில் விசாரிக்கும் அதிகாரமும் அதற்கு வேண்டும். 2017-லும் 2020-லும் இதற்கான மசோதாக்கள் வந்தன, இரண்டும் நிறைவேறவில்லை. அடுத்த நெருக்கடி வருவதற்கு முன், யார் அதிபராக இருந்தாலும், அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.